நிலாவெளியில் ஒரு ஸ்வெட்டர்

மலையூரான ஹுன்னஸ்கிரியவில் வசிக்கும் அழகமுத்துவுக்கு ஐம்பத்தொரு வயதாகிறது. சீனி இல்லை, பிரஷர் இல்லை, கொலஸ்ட்ரோல் இல்லை. போன தை மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஆனால் அந்தப் பரிசோதனையில் பிடிபடாத ஒரு நோய் அவருக்கு இருந்தது. அது மாதத்துக்கு ஒரு தடவை, பௌர்ணமி நாளான போயா விடுமுறையையொட்டி வரும். போயா ஒரு வெள்ளியிலோ திங்களிலோ விழுந்து விடுமுறை நீண்டால் நோயும் நீளும். முதலில் நெஞ்சு கரிக்கும். அடுத்துச் சாப்பாடு இறங்காது. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு வேனின் கதவு இழுபடும் சத்தம் கேட்டதும் இரண்டு காதுகளும் சூடாகிவிடும். அந்தக் குளிரில் காது சூடாவதென்பது சாதாரண விஷயமல்ல.

அந்த வேன் கிளறன்ஸ் சேருடையது. கிளறன்ஸ் சேர் கணக்கு வாத்தியார். மனைவி பெற்றீசியா, பதினாறு வயது மகள் அஷ்வினி, இவர்களோடு ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேனை வாங்கும்வரை அந்தக் குடும்பமும் மற்றவர்களைப் போலப் பனிமூட்டத்தில் இருமிக்கொண்டு மரியாதையாகத்தான் இருந்தது. வேன் வந்ததும் அவர்களுக்குச் சூடு இல்லாமல் வாழ முடியாமல் போய்விட்டது. பாசிக்குடா போனார்கள். மன்னார் போய்க் கழுதையோடு நின்று படமெடுத்தார்கள். கற்பிட்டி போனார்கள். மூன்றாம் நாள் மூக்கு நுனி தோலுரிந்து, கறுத்துப்போய், ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்குவார்கள்.

இதைக்கூட அழகமுத்து மன்னித்திருப்பார். மன்னிக்க முடியாதது, கிளறன்ஸ் சேர் வந்து இறங்கியதும் சொல்கிற குறை.

"ஐயோ அழகமுத்து அண்ணே, என்னா வெயிலுங்கிறீங்க! மணல்ல கால் வைக்க முடியல. ராவெல்லாம் ஃபேன போட்டும் வேர்வ. இங்க வந்தப்பொறகுதான் உசிரே வருது."

முந்தின இரவு இரண்டு கம்பளிக்குள் சுருண்டு, காலுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்துப் படுத்தும் பல் கிட்டிய ஒரு மனிதரிடம் இதைச் சொல்லலாமா? பெருமை பேசுகிறவனை யாரும் எதிர்த்துப் பேசலாம். குறை சொல்லிப் பெருமையடிக்கிறவனை என்ன செய்வது? "அப்படிங்களா சேர், ஒடம்ப பாத்துக்கங்க" என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

அழகமுத்துவின் தொழிலும் இந்த நோய்க்குத் தோதாக அமைந்திருந்தது. கண்டி டவுனில் இப்திகார் முதலாளியின் கடையில் இருபத்தேழு வருஷமாக வேலை. குடை, மழைக்கோட்டு, ஸ்வெட்டர், கம்பளி. இந்த மலைநாட்டில் யாராவது நனைந்தாலோ நடுங்கினாலோ அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். அப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் வெயிலைத் தேடிப் போவது தொழில்மீது காறித் துப்பியதைப் போலிருந்தது.

கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போனபோது, லொறியின் ஜன்னல் வழியாக இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு துவாய் அகலத்துக்கு நீலமாக ஏதோ தெரிந்தது. "அதான் கடல்" என்றார் டிரைவர். அதற்குள் ஒரு பஸ் மறைத்துவிட்டது. அழகமுத்துவின் கடல் அனுபவம் அவ்வளவுதான். கடற்பேச்சு எழும்போதெல்லாம், "ம்ம், பாத்திருக்கேன்" என்பார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

கிளறன்ஸ் சேர் போகிற இடங்களிலிருந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவார். அதைப் பார்க்காமல் அழகமுத்துவால் இருக்க முடியாது. தன் போனில் பார்த்தால், பார்த்தவர் பட்டியலில் பெயர் விழுந்துவிடும். எதிரிக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க அவர் தயாரில்லை. ஆகவே, கண்டி பஸ்ஸைப் பிடிக்க எழும்பும் விடியற்காலை ஐந்து மணிக்கு, மனைவி பாலம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது, அவளுடைய போனை எடுத்துக்கொண்டு கக்கூஸுக்குப் போய்விடுவார். நண்டு, இளநீர், அரைக்காற்சட்டையில் கிளறன்ஸ் சேர், மறுபடியும் நண்டு. ஒவ்வொன்றாக, இரண்டு விரலால் பெரிதாக்கி, நண்டின் கால்களைக்கூட எண்ணிப் பார்த்துவிட்டு, போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்.

அவருக்கு நண்டு வேண்டியிருக்கவில்லை. கடலும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். செத்துப்போவதற்குள் ஒரே ஒரு தடவை கிளறன்ஸ் சேர் தன்னைப் பார்த்து வயிறெரிய வேண்டும். எதற்காக என்பது பற்றி அவருக்கு நிபந்தனை எதுவும் கிடையாது.

பொசன் போயா இந்தத் தடவை வெள்ளிக்கிழமையில் வந்தது. அதற்கு முந்தின வாரம் ஒரு சாயந்தரம் பெற்றீசியா சுவரைச் சுற்றிக்கொண்டு இவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"பாலம்மா அக்கா, ஒங்கள நெனச்சா எனக்கு மனசே கேக்கல."

"ஏன் பெற்றீசியா, எனக்கு என்னா?"

"நாங்க எங்க போனாலும் எங்க ஸ்டேட்டஸ மொத மொத பாக்குறது நீங்கதானே. விடிய அஞ்சு மணிக்கே பாத்துர்றீங்க. ஒண்ணுகூட விட்டதில்ல. சில படத்த நாலஞ்சு தடவகூட பாத்திருப்பீங்கன்னு இவரு பகிடிக்குச் சொன்னாரு. அவ்வளவு ஆசைய மனசுல வச்சிக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலயே அக்கா!"

பாலம்மாவுக்கு அந்தப் போனில் பச்சைப் பொத்தானை அமுக்கிக் கட்டிக்கொடுத்த மகளோடு பேசத் தெரியும். வேறொன்றும் தெரியாது. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். கணவர் கூரைத் தகட்டில் ஏதோ ஓட்டை இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இந்தத் தடவ நிலாவெளி போறோம். வேன்ல எடம் கெடக்குது. நீங்களும் அண்ணனும் வரணும். வரலன்னா நான் ஒங்களோட பேச மாட்டேன்."

"வாறோம்" என்றாள் பாலம்மா, கணவரைப் பார்த்தபடியே.

பெற்றீசியா போனதும் பாலம்மா தன் போனைக் கையில் எடுத்தாள்.

"நானாங்க பாத்தேன், அஞ்சு மணிக்கு?"

"தொட்டா தானா தொறந்துக்குது அந்தப் போனு. பழசு."

"நாலு தடவ தொறந்துக்குமா?"

அழகமுத்துவுக்கு இக்கட்டு. போனால் கிளறன்ஸ் சேரின் தயவில் போனதாகிவிடும். போகாவிட்டால் பாலம்மா தனியாகப் போய்விடுவாள். அவளையும் பக்கத்து வீட்டுப் படங்களில் பார்த்து எரிய வேண்டியிருக்கும். இரண்டு நெருப்பில் சின்ன நெருப்பாகப் பார்த்து, போவதென்று தீர்மானித்தார். சனிக்கிழமைக்கு லீவு கேட்டபோது இப்திகார் முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"கடலுக்கா? நீங்களா? இருவத்தேழு வருசமா பெருநாளக்கிக்கூட லீவு கேக்காத மனிசன்! செல்லுங்க, என்ன ஈக்கி அங்க?"

"சும்மாதான் மொதலாளி. கொஞ்சம் சூடு புடிச்சிட்டு வரலாம்னு."

"போங்க, போங்க. நம்மட கட ஸ்வெட்டர் ஒண்ட உடுத்துட்டுப் போங்க. விளம்பரமாச்சும் ஆவட்டும்."

முதலாளி பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் ஹுன்னஸ்கிரியவில் விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டைவிட்டு இறங்குகிறவர் ஸ்வெட்டர் போடாமல் இறங்க மாட்டார். அழகமுத்து கடையின் முதல்தர ஸ்வெட்டரை, கழுத்துவரை மூடும் சாம்பல் நிறக் கம்பளி நூல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார். அதற்குள்ளே, யாருக்கும் தெரியாமல், தன் ஆயுதத்தை அணிந்திருந்தார். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு அருகில் நடைபாதையில் தேடி வாங்கிய மஞ்சள் டீசேட். நெஞ்சில் ஒரு தென்னை மரம், அதற்கு மேலே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சூரியன். நிலாவெளி மணலில் நின்று, எல்லாரும் பார்க்கிற நேரமாகப் பார்த்து, ஸ்வெட்டரை ஒரே இழுப்பில் கழற்றுவதாகத் திட்டம்.

புறப்படும்போது பாலம்மா வேனின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பெற்றீசியா அந்தோனியார் படத்தைத் தொட்டு ஒரு செபம் சொன்னாள். இரண்டு தரப்புப் பாதுகாப்பும் கிடைத்த திருப்தியில் வேன் இறங்கியது. மரியாதைக்கு அழகமுத்துவை முன் சீட்டில் ஏற்றினார்கள். மற்றவர்கள் எல்லாரும் பின்னால் முறுக்குத் தின்று சிரித்துக்கொண்டு வர, முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு தனியாகப் போவதில் என்ன மரியாதை இருக்கிறதென்று அவருக்கு விளங்கவில்லை. தெல்தெனிய தாண்டுமுன்னே பின் சீட்டின்மீது அவருக்குப் பொறாமை வந்துவிட்டது.

மாத்தளையில் அம்மன் கோயிலுக்கு முன்னால் வேன் நின்றது. அந்தப் பாதையில் ட்ரிப் போகிற எந்த வாகனமும் அங்கே தேங்காய் உடைக்காமல் போகாது. கத்தோலிக்கரான கிளறன்ஸ் சேரும் ஒரு தேங்காயை எடுத்து அடித்தார். தராசில் போட்டால் சரிசமமாக நிற்கிற மாதிரி இரண்டு பாதியாக விழுந்தது. அழகமுத்து, பரம்பரை பரம்பரையாக அம்மனைக் கும்பிடுகிறவர், ஓங்கி அடித்தார். தேங்காய் கீறல்கூட விடாமல் துள்ளி, ரோட்டைக் கடந்து, ஒரு முச்சக்கர வண்டிக்கு அடியில் போய் நின்றது. கிளறன்ஸ் சேர்தான் ஓடிப்போய் எடுத்து வந்தார்.

"இந்தாங்க அண்ணே, இன்னொருக்கா அடிங்க."

அம்மனும் வேன் வைத்திருப்பவர் பக்கம்தான் என்று அழகமுத்து குறித்துக்கொண்டார்.

தம்புள்ளையில் விடிந்து நன்றாக வெயில் ஏறிவிட்டது. ரொட்டிப் பார்சலைப் பிரிக்க ஒரு மரநிழலில் நிறுத்தினார்கள். பெற்றீசியா ஸ்வெட்டரைக் கழற்றினாள். பாலம்மா சால்வையை மடித்தாள். கிளறன்ஸ் சேர் ஜக்கெட்டின் சிப்பை இழுத்து, "அப்பாடா" என்றபடி கழற்றி சீட்டில் போட்டார்.

உள்ளே மஞ்சள் டீசேட். தென்னை மரம். கறுப்புக் கண்ணாடி போட்ட சூரியன்.

அழகமுத்துவின் கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. நடந்தது இதுதான்: பாசிக்குடாவில் கிளறன்ஸ் சேர் அந்த டீசேட்டோடு நின்ற படத்தை, அந்த நான்கு தடவையும், அவர் உற்று உற்றுப் பார்த்திருந்தார். தனக்கு அது கிளறன்ஸ் சேரைவிடப் பொருந்தும் என்பது அவருடைய கணிப்பு. ஆகவே அதே மாதிரியைத் தேடி வாங்கினார். ஒரு தடவை ஸ்டேட்டஸில் போட்ட உடுப்பை மனிதன் மறுபடியும் உடுத்துவான் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

"ஏங்க, ஸ்வெட்டர கழட்டுங்க. வேர்க்குது ஒங்களுக்கு" என்றாள் பாலம்மா.

"குளிருது."

"தம்புள்ளையிலயா?"

"எனக்குக் குளிருது. ஒனக்கு என்னா?"

அதற்குப் பிறகு வழி நெடுகப் பொசன் தன்சல், போகிறவர்களுக்கெல்லாம் இலவச உபசாரம். கொடி பிடித்த இளைஞர்கள் வாகனங்களை மறித்து ஐஸ்கிறீம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேனில் எல்லாருக்கும் ஆளுக்கொரு கோப்பை கிடைத்தது. முன் சீட்டில் ஸ்வெட்டரோடு, முகமெல்லாம் வேர்வை வழிய உட்கார்ந்திருந்தவரைப் பார்த்த ஒரு சிங்கள அம்மா, ஐயாவுக்குக் காய்ச்சலா என்று இரக்கத்தோடு விசாரித்தார். பதிலுக்குக் காத்திராமல் பக்கத்து வீட்டுக்குள் ஓடி, ஆவி பறக்கக் கொத்தமல்லி அவித்த தண்ணீர் ஒரு கோப்பை கொண்டுவந்து, முழுவதும் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். ஹபரணையில் பெற்றீசியா இரண்டு பனடோல் மாத்திரை கொடுத்தாள். கந்தளாயில் கிளறன்ஸ் சேர் வேனை நிறுத்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா கொதிக்குது. திருகோணமல ஆஸ்பத்திரில காட்டிட்டுப் போவோமாண்ணே?"

"வேணாம் சேர். நான் எப்பவும் இப்படித்தான்."

பதினொரு மணிக்கு நிலாவெளி. வேனிலிருந்து இறங்கிய அழகமுத்து கதவைச் சாத்த மறந்து நின்றார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் துவாய் அகலத்துக்குப் பார்த்திருந்தது, இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் முடியாமல் கிடந்தது. அதன்மேல் இருந்த வெளிச்சத்தைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. கரையில் அரை உடுப்போடு கிடந்த வெள்ளைக்காரர் இருவர், கழுத்துவரை கம்பளியோடு நின்ற அவரை எழும்பி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"வாங்க அங்கிள், காலாவது நனைங்க" என்று அஷ்வினி கையைப் பிடித்து இழுத்தாள். பாலம்மா ஏற்கனவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். போனார். தண்ணீர் காலைத் தொட்டது. சுட்டது என்று சொல்ல முடியாது, குளிர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ஹுன்னஸ்கிரியவில் இப்படி ஒரு தண்ணீர் வேண்டுமென்றால் கால் மணித்தியாலம் விறகெரிக்க வேண்டும். இங்கே சும்மா கிடந்தது, ஊருக்கே போதும்படி. முதல் அலைக்கு அவர் பின்வாங்கினார். இரண்டாவதற்கு நின்றார். காலுக்குக் கீழே மணல் நழுவுகிறதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது வந்து ஆளைக் குப்புறத் தள்ளி, புரட்டி, கரையில் உட்கார வைத்துவிட்டுப் போனது.

எல்லாரும் பதறி ஓடி வந்தார்கள். அழகமுத்து சிரித்துக்கொண்டிருந்தார். மூக்கால் உப்புத் தண்ணீர் வர, வாயைப் பிளந்துகொண்டு, "ஆத்தே! ஆத்தே! தள்ளிருச்சே!" என்று கத்திச் சிரித்தார். எழும்பி மறுபடியும் கடலுக்குள் ஓடினார். ஸ்வெட்டர் கடலில் பாதியைக் குடித்து, கைகள் முழங்காலைத் தாண்டி நீண்டு, யாரோ இரண்டு பேர் தொங்குவதைப் போல அவரைக் கீழே இழுத்தது. அந்தக் கோலத்தில் அவர் இரண்டு கைகளையும் தூக்கி அலையை "வா, வா" என்று கூப்பிட்டார். அது வந்து மறுபடி தள்ளியது. மறுபடி சிரித்தார்.

"ஆளையே இழுத்துட்டுப் போயிரும், கழட்டுங்க!" என்று பாலம்மா ஒரு கையைப் பிடிக்க, கிளறன்ஸ் சேர் மறு கையைப் பிடிக்க, தலைவழியே ஸ்வெட்டரை உரித்தெடுத்தார்கள். மஞ்சள் டீசேட் வெளியே வந்தது.

"அட!" என்றார் கிளறன்ஸ் சேர், தன் நெஞ்சைக் குனிந்து பார்த்து. "நம்ம டீசேட்டு!"

அழகமுத்துவுக்கு அது காதில் விழவே இல்லை. அடுத்த அலை வந்துகொண்டிருந்தது. அன்று பதினொன்றே காலிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு மணிவரை நோய் அவரைவிட்டு முற்றாக நீங்கியிருந்ததாகவே கொள்ள வேண்டும்.

பின்னேரம் விடுதி வாசலில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருந்தபோது நோய் திரும்பியது. கிளறன்ஸ் சேரின் கோப்பை பெரிதாக இருந்தது. அந்த நேரத்தில்தான் அஷ்வினி விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள். அலை தள்ளியதையும் அதற்குப் பிறகு நடந்ததையும் அவள் வீடியோ எடுத்து, அப்பாவின் ஸ்டேட்டஸில் ஏற்றியிருந்தாள்.

"கேளுங்க அங்கிள், என்னா எழுதியிருக்காங்கன்னு. 'அழகமுத்து அண்ணன் கலக்குறாரு.' 'அண்ணன் மூஞ்சிய பாத்து நானும் சிரிச்சிட்டேன்.' ஸ்கூல் பிரின்சிபல் சேர் எழுதியிருக்காரு, 'யார் இந்தப் பெரியவர்? மூணு தரம் பார்த்தேன்.' திகனயில இருக்கிற மாமா எல்லாருக்கும் அனுப்பிட்டாராம்!"

கிளறன்ஸ் சேர் கையை நீட்டிப் போனை வாங்கிப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"இதுல நான் எங்க?"

"ஓரத்துல இருக்கீங்க டாடி. ஸ்வெட்டர இழுக்கிற கை ஒங்களோடதுதான்."

கிளறன்ஸ் சேர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார். அழகமுத்து மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக ஒரு நோயை உள்ளுக்குள் வைத்து வளர்த்தவருக்கு அதன் அறிகுறிகள் தெரியாமல் போகுமா? ஆனாலும் அவசரப்படவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் கிளறன்ஸ் சேர் ஒரு நண்டோடு கையைக் கழுவியதைக் கவனித்தார். மறுநாள் பகல் முழுக்க அவர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாததைக் கவனித்தார். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது, கந்தளாயிலிருந்து மாத்தளை வரைக்கும் பின் சீட்டில் பெண்கள் அந்த வீடியோவையே போட்டுப் போட்டுச் சிரிக்க, கிளறன்ஸ் சேர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே வந்தார். பார்த்துக்கொண்டே வந்த அழகமுத்துவுக்கு முன் சீட்டு முதல்தடவையாக வசதியாகத் தெரிந்தது. இருந்தாலும் ஆள் கணக்கு வாத்தியார், அவர் வாயால் சொல்லாமல் எதையும் உறுதியென்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஹுன்னஸ்கிரியவுக்கு வந்து சேரும்போது பனிமூட்டம் ரோட்டுக்கு இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில், பக்கத்து வாசலில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. கிளறன்ஸ் சேர் ஹோஸ் பைப்பைப் பிடித்து வேனின் உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அழகமுத்து ஒரு காரணமும் இல்லாமல் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

"என்னா சேர், இன்னைக்கே கழுவுறீங்க?"

"உப்பு தின்னுரும்ணே."

கொஞ்ச நேரம் டயரில் தண்ணீர் அடித்தார். பிறகு டயரைப் பார்த்தபடியே பேசினார்.

"நீங்க கடல்ல எறங்கினது இதுதான் மொதத் தடவ, இல்லையாண்ணே?"

அழகமுத்து யோசித்தார். "ம்ம், பாத்திருக்கேன்" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"ஆமா சேர்."

"அதானே பாத்தேன். நான் இந்த ரெண்டு வருசமா எத்தன கடலுக்குப் போயிட்டேன். வண்டிய ஓட்டுறேன், எடம் தேடுறேன், படம் புடிக்கிறேன். நான் ஒரு நாளும் அப்படிச் சிரிச்சதில்லண்ணே. அந்த வீடியோவ பாக்கப் பாக்க எனக்கு ஒங்கமேல பொறாமயா இருக்கு. நெசமாத்தான் சொல்றேன்."

அழகமுத்துவின் காதுகள் இரண்டும் சூடாகின. ஆனால் இது வேறு சூடு. அந்த இடத்தில் வேறொரு மனிதராக இருந்தால், "என்னா சேர் நீங்க, எல்லாம் ஒங்களாலதானே" என்று ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார். அழகமுத்து ஒரு கையைக் காதில் குவித்துக்கொண்டு சுவருக்கு மேலாக எட்டினார்.

"என்னா சேர் சொன்னீங்க? தண்ணி சத்தத்துல கேக்கல."

நல்ல மனிதரான கிளறன்ஸ் சேர் போய்க் குழாயை மூடினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். மறுபடி சொல்லத் தொடங்குமுன் அழகமுத்து அவரைக் கையமர்த்தி நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்க சேர்." வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "பாலம்மா! அடுப்ப அணைச்சிட்டு இங்க கொஞ்சம் வா. சேர் என்னமோ சொல்றாரு."